டென்மார்க் வீட்டு ஃப்ரிக்காடெல்லர்: முதல் முறை செய்பவர்களுக்கு

டென்மார்க்கின் தேசிய உணவு எது என்று 2014-ல் வாக்கெடுப்பு வைத்தார்கள். மொறுமொறுவென்று வறுத்த பன்றி இறைச்சித் துண்டும், பார்ஸ்லி போட்ட வெள்ளைச் சாஸும் ஜெயித்தன. ஆனால் அங்கே வளர்ந்தவர்களிடம் பாட்டி வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், பேச்சு சீக்கிரமே ஃப்ரிக்காடெல்லரில் வந்து நிற்கும். அரைத்த இறைச்சியில் வெங்காயம் துருவிப் போட்டு, முட்டையும் பாலும் மாவும் கலந்து, வெண்ணெயில் சிவக்கச் சுட்டெடுக்கும் தட்டையான உருண்டை. வார நாளில் இரவுச் சாப்பாடு, மறுநாள் மதியத்துக்கு டப்பாவில், டிசம்பரில் கிறிஸ்துமஸ் விருந்து மேசையில் என்று எல்லா இடத்திலும் அது உண்டு.

செய்வது கஷ்டமில்லை. நம் சமையல் பழகிய கைக்கு ஒரே ஒரு தடைதான்: இதில் மசாலா இல்லை. உப்பு, மிளகு, வெங்காயம், அத்தோடு முடிந்தது. இஞ்சி பூண்டு விழுதும் சோம்பும் பச்சை மிளகாயும் சேர்த்தால் நல்ல கோலா உருண்டை கிடைக்கும், ஃப்ரிக்காடெல்லர் கிடைக்காது. இதன் ருசி இறைச்சியைப் பிசையும் விதத்திலும், வெண்ணெயில் நிதானமாகச் சிவக்க விடுவதிலும் இருக்கிறது. காரம் இல்லாத குறையைப் பக்கத்தில் வைக்கும் புளிப்பும் இனிப்பும் தீர்த்துவிடும். முதல் தடவை எதையும் கூட்டாமல் அப்படியே செய்யுங்கள். ருசி பிடிபட்ட பிறகு உங்கள் இஷ்டம்.

இலங்கை வாசகர்களுக்கு லம்ப்ரைஸ் பொட்டலத்தில் வரும் சின்ன ஃப்ரிக்கடெல் உருண்டை ஞாபகத்துக்கு வரும். அது ஒல்லாந்தர் வழி வந்த சொந்தம். அதில் மசாலா உண்டு, ரொட்டித் தூளில் புரட்டி எண்ணெயில் முங்கப் பொரிப்பார்கள். டேனிஷ் வகைக்குத் தூள் பூச்சும் கிடையாது, முங்கப் பொரிப்பதும் கிடையாது.

எந்த இறைச்சி?

பன்றி இறைச்சியும் கன்றிறைச்சியும் பாதிக்குப் பாதி, அல்லது முழுக்கப் பன்றி. இரண்டுமே அசல் முறைதான். கன்று சேர்ந்தால் மென்மை கூடும், பன்றியில்தான் ஈரமும் ருசியும்.

பன்றி இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் உண்டு. 1870-களுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவுக்குள் வந்து குவிந்து விலை விழுந்தது. டேனிஷ் விவசாயிகள் தானியத்தை விற்பதை விட்டுவிட்டு அதை மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயும் பேக்கனும் ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். 1887-ல் ஹோர்சென்ஸ் நகரில் விவசாயிகள் சேர்ந்து முதல் கூட்டுறவு இறைச்சிக்கூடத்தைத் திறந்தார்கள். கையால் சுற்றும் இறைச்சி அரைக்கும் இயந்திரமும் இரும்பு அடுப்பும் வீடுகளுக்குள் வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். கெட்டியான, மலிவான துண்டுகளைக்கூட அரைத்துப் பாலும் மாவும் சேர்த்தால் குடும்பமே வயிறாரச் சாப்பிடலாம் என்று ஆனது. இன்றும் அந்த நாட்டில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். 2016-ல் ராண்டர்ஸ் நகர மன்றம், பொது நிறுவனங்களின் சாப்பாட்டில் பன்றி இறைச்சி உள்ளிட்ட டேனிஷ் உணவு வழக்கமாக இடம்பெற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. நாடு முழுக்க நடந்த அந்த வாக்குவாதத்தில் ஃப்ரிக்காடெல்லர்தான் எல்லார் வாயிலும் அடிபட்டது.

பன்றி சாப்பிடாதவர்கள் இதை விட்டுவிட வேண்டியதில்லை. கோழியிலும் ஆட்டிலும் ஃப்ரிக்காடெல்லர் செய்வது டென்மார்க்கிலேயே சகஜம். கோழி என்றால் நெஞ்சுக்கறி வேண்டாம், தொடைக்கறியை அரைத்து வாங்குங்கள். ஆட்டுக்கறி என்றால் கொழுப்போடு அரைத்தது. மாட்டிறைச்சியில் மட்டும் செய்தால் கொஞ்சம் இறுகிப்போகும், பாலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டென்மார்க் கடைகளில் அரைத்த இறைச்சிப் பெட்டியின் மேல் கொழுப்பின் அளவு அச்சடித்திருக்கும்: 4–7 சதவீதம், 8–12, 14–18 என்று. உடம்புக்கு நல்லது என்று 4–7 எடுக்கத் தோன்றும். இந்தச் சமையலுக்கு அது ஆகாது, வறண்டுவிடும். 8–12 நல்லது, 14–18 இன்னும் ருசி. நம் ஊரில் கசாப்புக் கடையில் வாங்கினால், கொழுப்பை முழுக்க வெட்டி எறிய விடாமல் இரண்டு தடவை அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

வேண்டியவை

நான்கு பேருக்கு, ஏறக்குறைய 14 உருண்டை வரும்:

அரைத்த இறைச்சி – 500 கிராம்
உப்பு – ஒன்றேகால் தேக்கரண்டி
பெரிய வெங்காயம் – 1, நடுத்தர அளவு
முட்டை – 1
மைதா – 4 மேசைக்கரண்டி
பால் – 125 மில்லி
மிளகுத்தூள் – அரை தேக்கரண்டி, அப்போதே பொடித்தது
பொரிக்க: வெண்ணெய் 40 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 1 மேசைக்கரண்டி

டேனிஷ் சமையல் குறிப்புகளைப் படித்துச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பால், தண்ணீர், மாவு எல்லாம் டெசிலிட்டரில் சொல்வார்கள். 1 டெசிலிட்டர் என்பது 100 மில்லி.

மைதாவா, ரொட்டித் தூளா, ஓட்ஸா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஒவ்வொரு வீடும் தன்னுடையதுதான் சரி என்று சொல்லும். மாவு வழவழப்பைத் தரும், ரொட்டித் தூள் லேசாக்கும், ஓட்ஸ் கொஞ்சம் சொரசொரப்பாக நிற்கும். பாலுக்குப் பதில் பாதி சோடா ஊற்றுகிறவர்களும் நிறைய. சோடா ஊற்றினால் உள்ளே காற்றோட்டமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பால் ஊற்றியது வெண்ணெயில் அழகாகச் சிவக்கும் என்பதால் புதிதாகச் செய்பவர்களுக்கு மைதாவும் பாலும்தான் என் சிபாரிசு.

கலவை: இங்கேதான் எல்லாம்

பிசைந்த கலவையை டேனிஷ்காரர்கள் ஃபார்ஸ் என்பார்கள். ஃபார்ஸ் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இறைச்சி ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக, சில்லென்று இருக்கட்டும். அகலமான பாத்திரத்தில் போட்டு, உப்பை மட்டும் சேர்த்து, கெட்டியான மரக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிஷம் அடித்துக் கலக்குங்கள். வேறு எதையும் இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள். முதலில் இறைச்சி உதிரி உதிரியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் பிசுபிசுப்பாகி, நிறம் வெளிறி, பாத்திரத்தின் பக்கத்தில் இழுபட்டு ஒட்டத் தொடங்கும். உப்பு இறைச்சியிலிருக்கும் புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருவதால் ஏற்படும் மாற்றம் இது. அந்தப் பசைதான் பிறகு ஊற்றப்போகும் பாலைப் பிடித்து வைக்கும், வாணலியில் உருண்டை உடையாமல் காக்கும். உப்பைக் கடைசியில் போட்டால் இந்தப் பசை வராது. பால் பிரிந்து வாணலியில் ஓடும், உள்ளே துகள் துகளாக இருக்கும்.

அடுத்தது வெங்காயம். நறுக்காதீர்கள், துருவியின் பொடிக் கண்ணில் துருவுங்கள். கண்ணீர் வரத்தான் செய்யும். நறுக்கிய வெங்காயம் வேகாமல் நறுக் நறுக்கென்று பல்லில் அகப்படும், அதன் ஓரம் வெண்ணெயில் கருகும். துருவியது சாற்றோடு இறைச்சிக்குள் கரைந்துவிடும். அந்தச் சாற்றைப் பிழிந்து கொட்டிவிடாதீர்கள். வெங்காயம், முட்டை, மிளகு மூன்றையும் சேர்த்துக் கலக்குங்கள். பிறகு மாவைத் தூவிக் கலக்குங்கள்.

பாலை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டாம். நாலு தவணையாக ஊற்றி, ஒவ்வொன்றும் உள்ளே போன பிறகு அடுத்தது. கடைசியில் கலவை இட்லி மாவைவிடக் கெட்டியாகவும் உளுந்து வடை மாவைவிட இளக்கமாகவும் இருக்க வேண்டும். கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் ஒரு நொடி தயங்கிவிட்டுப் பொத்தென்று விழும். கையால் உருட்ட முடியாத அளவுக்கு இளக்கமாக இருக்கிறதே என்று பயந்து இன்னொரு கைப்பிடி மாவைக் கொட்டத் தோன்றும். கொட்டாதீர்கள். மாவு கூடினால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். இளக்கமான கலவைக்குத்தான் உள்ளே ஈரம் நிற்கும், இதை உருட்ட வேண்டிய தேவையும் இல்லை.

மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். குறைந்தது அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. மாவு பாலை உறிஞ்சிக் கலவை தானே இறுகும். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டுகிறவர்களின் ஃப்ரிக்காடெல்லர்தான் வாணலியில் பரவி அடை போல ஆகும்.

உப்பு சரியா என்று பச்சைக் கலவையை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அதுவும் பன்றியும் பச்சை முட்டையும் இருக்கும்போது. ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து வாணலியில் சுட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். குறைந்தால் மீதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

வாணலியில்

அடி கனமான, அகலமான வாணலி. வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஓரம் உயர்ந்ததாக இருந்தால் அதுவும் அருமையாக வேலை செய்யும். நடுத்தரத் தீயில் எண்ணெயை ஊற்றி, வெண்ணெயில் பாதியைப் போடுங்கள். வெண்ணெய் உருகி நுரைக்கும், சடசடக்கும். அந்த நுரை அடங்கி, லேசாக முந்திரி வறுத்த வாசம் வரும்போது வாணலி தயார். நுரை அடங்குமுன் போட்டால் உருண்டை வெண்ணெயைக் குடித்துவிடும், சிவக்காது. வெண்ணெய் பழுப்பைத் தாண்டிக் கறுத்துவிட்டால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல். எண்ணெயை மட்டும் ஊற்றிப் பொரித்தால் நிறம் வரும், ருசி பாதிதான் வரும். நெய் கருகாது என்றாலும் நெய்யின் மணம் மேலே ஏறி நிற்கும். இதற்கு வெண்ணெய்தான்.

உருண்டை பிடிப்பதில் ஒரு கை லாகவம் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி செய்வதைப் பார்த்துத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். சாப்பிடும் பெரிய கரண்டியை வாணலியில் உருகிக் கிடக்கும் வெண்ணெயில் ஒரு தடவை நனைப்பார். கலவையில் ஒரு கரண்டி நிறைய அள்ளுவார். இடது உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, கரண்டியில் இருப்பதை அந்தக் குழிவில் வைத்து லேசாக அழுத்தி ஒரு சுற்று திருப்புவார். கரண்டியின் வளைவு மேல்பக்கத்தையும் உள்ளங்கையின் வளைவு கீழ்ப்பக்கத்தையும் வடிவமைத்துவிடும். முட்டை வடிவில் ஒரு சின்னக் கட்டி அப்படியே வழுக்கி வாணலிக்குள் இறங்கும். இறுக்கிப் பிடிப்பதே இல்லை. கரண்டியை மறுபடி வெண்ணெயில் நனைத்து அடுத்தது. வெண்ணெய் தடவிய கரண்டியில் கலவை ஒட்டாது என்பதுதான் இதிலிருக்கும் சூட்சுமம்.

வாணலியின் மேல் விளிம்பிலிருந்து தொடங்கிக் கடிகாரம் சுற்றும் திசையில் வரிசையாக வையுங்கள். எதை முதலில் போட்டோம், எதை முதலில் திருப்ப வேண்டும் என்ற குழப்பம் வராது. ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி வேண்டும். நெருக்கிப் போட்டால் ஆவி கட்டிக்கொண்டு வெந்துபோகுமே தவிர சிவக்காது. 14 உருண்டைக்கு இரண்டு தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டபின் ஐந்து நிமிஷம் தொடாதீர்கள். சிவந்த பக்கம் தானாக வாணலியை விட்டு விலகும். ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். திருப்பி, இன்னொரு ஐந்து ஆறு நிமிஷம். தோசைத் திருப்பியால் மேலே அழுத்தித் தட்டையாக்க வேண்டாம், அழுத்தினால் சாறெல்லாம் வெளியே போய்விடும். தானாக எவ்வளவு தட்டையாகிறதோ அது போதும். நிறம் வேகமாக ஏறுகிறது என்றால் தீயைக் குறையுங்கள். வெளியே கருகி உள்ளே பச்சையாக இருப்பது அதிகத் தீயால் வருவதுதான்.

அரைத்த இறைச்சி முழுக்க வேக வேண்டும். உள்ளே 75 டிகிரி செல்சியஸ் என்பது டென்மார்க் உணவுத்துறை சொல்லும் கணக்கு. வெப்பமானி இல்லையென்றால் இருப்பதிலேயே தடிமனான ஒன்றை நடுவில் வெட்டிப் பாருங்கள். சாறு தெளிவாக வர வேண்டும், இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. விருந்துக்கு நிறையச் செய்பவர்கள் இருபக்கமும் சிவக்க வைத்துவிட்டு, 180 டிகிரி அவனில் பத்து நிமிஷம் வைத்து உள்வேக்காட்டை முடித்துக்கொள்ளலாம். இரண்டாவது தவணைக்கு முன் வாணலியை ஒரு பார்வை பாருங்கள்: அடியில் கறுப்புத் துகள் சேர்ந்திருந்தால் காகிதத்தால் துடைத்துவிட்டு மீதி வெண்ணெயைப் போட்டுத் தொடருங்கள்.

சாஸும் தொடுகறிகளும்

இரவுச் சாப்பாடு என்றால் வேகவைத்த உருளைக்கிழங்கும் பழுப்புச் சாஸும் கட்டாயம். உருளைக்கிழங்கு வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் வைத்திருங்கள். பொரித்த வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பை விட்டுவிட்டு மீதியை வடித்து, இரண்டு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, அடியில் ஒட்டியதைச் சுரண்டியபடி இரண்டு நிமிஷம் வறுங்கள். உருளைக்கிழங்குத் தண்ணீர் 400 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறி, ஐந்து நிமிஷம் கொதித்ததும் ஒரு குழிக்கரண்டி க்ரீம், உப்பு, மிளகு. டேனிஷ் வீடுகளில் நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்கிச் செய்த ஒரு கறுப்புத் திரவத்தைச் சில சொட்டு விடுவார்கள். அது இல்லாவிட்டால் ஒன்றும் குறையில்லை, மைதாவை இன்னும் கொஞ்சம் சிவக்க வறுத்தால் போதும்.

வெள்ளரிக்காய் சாலட்டை மட்டும் தவறவிடாதீர்கள். ஒரு வெள்ளரியைக் காகிதம் போல் மெல்லிசாகச் சீவி, அரை தேக்கரண்டி உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் வைத்துத் தண்ணீரைப் பிழியுங்கள். வினிகர் 100 மில்லி, தண்ணீர் 50 மில்லி, சர்க்கரை 4 மேசைக்கரண்டி, கொஞ்சம் மிளகு கலந்து அதில் ஊறப் போட்டால் ஒரு மணி நேரத்தில் தயார். வெண்ணெய் ருசி நாக்கில் படிந்திருக்கும்போது இந்தப் புளிப்பும் இனிப்பும்தான் அடுத்த கடிக்குக் கூப்பிடும். சிவப்பு முட்டைக்கோஸை வினிகரிலும் சர்க்கரையிலும் வேகவைத்தது இன்னொரு வழக்கமான துணை. குளிர்காலத்தில், நறுக்கிய வெள்ளை முட்டைக்கோஸை வேகவைத்து, ஜாதிக்காய் துருவிப் போட்ட வெள்ளைச் சாஸில் கலந்து வைப்பார்கள். கோடையில் புது உருளைக்கிழங்கு வரும் சமயம் பழுப்புச் சாஸ் விடைபெற்று, ஆறிய உருளைக்கிழங்கு சாலட் அந்த இடத்துக்கு வரும்.

அதே கையோடு இன்னும் இரண்டு

மீனிலும் இதே முறைதான். முள்ளில்லாத வெள்ளைச் சதை மீன் 500 கிராம், முதலில் உப்போடு பசையாகும்வரை அரைப்பு, பிறகு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி மாவு, 100 மில்லி க்ரீம். டென்மார்க்கில் காட் மீனில் செய்வார்கள். ரை என்ற தானியத்தில் (நம் ஊர்க் கம்பு அல்ல) செய்த கறுப்பு ரொட்டியோடும், எலுமிச்சைத் துண்டோடும், ரெமுலாட் என்ற மஞ்சள் சாஸோடும் சாப்பிடுவார்கள். மயோனைஸில் பொடியாக நறுக்கிய ஊறுகாய்க் காய்களும் கடுகும் கலந்தது அது. மஞ்சள் தூள்தான் அதற்கு அந்த நிறத்தைக் கொடுக்கிறது.

இன்னொன்று, அங்கே குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்த 'போல்லர் இ காரி': அதே ஃபார்ஸைச் சின்ன உருண்டைகளாகக் கொதிநீரில் வேகவைத்து, வெண்ணெயில் கறிப்பொடியை வாட்டிச் செய்த க்ரீம் சாஸில் போட்டுச் சோற்றோடு சாப்பிடுவது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்ததால் அந்த வழியாகப் போயிருக்குமோ என்று தோன்றும். ஆனால் புட்டியில் வரும் கறிப்பொடி பிரிட்டிஷார் தங்கள் சந்தைக்கு ஏற்படுத்திய கலவை. காரம் மிகக் குறைவு, நம் குழம்பை மனதில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்காராதீர்கள். அதை அதாகவே சாப்பிட்டால் நன்றாக இருக்கும்.

மறுநாளுக்கு

வேண்டுமென்றே கூடுதலாகச் செய்யுங்கள். டென்மார்க்கில் பள்ளிக்கும் வேலைக்கும் மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போவதே பெருவழக்கம். ஆறிய ஃப்ரிக்காடெல்லரை நீளவாக்கில் மெல்லிசாக வெட்டி, வெண்ணெய் தடவிய ரை ரொட்டியில் அடுக்கி, மேலே சிவப்பு முட்டைக்கோஸோ வெள்ளரியோ வைத்துத் திறந்தபடியே சாப்பிடுவார்கள். ரை ரொட்டி கிடைக்காத ஊரில் முழுக்கோதுமை ரொட்டியை லேசாக வாட்டிக்கொள்ளுங்கள்.

சுட்டது ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், ஃப்ரீசரில் இரண்டு மாதம் நன்றாக இருக்கும். சுடாத கலவையை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மைக்ரோவேவில் சூடாக்கினால் மேல்தோல் ஊறிப்போகும், மூடி போட்ட வாணலியில் ஒரு துளி வெண்ணெயோடு சிறு தீயில் வையுங்கள். ரொட்டிக்கு என்றால் சூடே வேண்டாம், சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் போதும்.